எழுதுபவனும் சாட்சியே

கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிந்துகொள்ளுமாறு அருள்மறை ஆணையிடுகின்றது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் அது. திருமறை வசனங்களுள் மிக நீண்டதும் அதுவே. அவ்வசனத்தில் சாட்சிகளுக்கு மட்டுமன்றி, எழுதுபவனுக்கும் கட்டளை உண்டு. எழுதத் தெரிந்தவன் எழுத மறுத்தலாகாது. எழுதுங்கால் நீதி வழுவலாகாது என்பது அதன் கருத்து. இருவருக்கிடையே எழுதப்படும் ஒரு கடன் முறிக்கே இத்துணைப் பொறுப்பு எனில், ஒரு மொழி பேசுவோர் அனைவரும் நம்பிப் படிக்கும் கலைக்களஞ்சியத்தில் ஒரு வரி சேர்ப்பவனின் பொறுப்பு எத்தகையது? இவ்வினாவை நாம் ஓய்வாக அமர்ந்து கற்பனை செய்து எழுப்பவில்லை. விக்கிப்பீடியாவில் எழுதக் கற்ற நாள்களில் நமக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவே இதனை நம்முள் எழுப்பியது.

தமிழுக்குக் களஞ்சியம் புதியதன்று. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராய் உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளிவந்தது. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954இல் தொடங்கி 1968இல் பத்துத் தொகுதிகளாக நிறைவெய்தியது. நம் சமுதாயத்தில் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் படைத்தளித்தார்கள். இவற்றிலெல்லாம் எழுதியவர் இன்னார் என்பது தெரியும். அவர்தம் புலமையே அவ்வெழுத்துக்குப் பிணை.

2001ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும், 2003ஆம் ஆண்டு தமிழிலும் தொடங்கிய விக்கிப்பீடியாவோ இம்முறையை முற்றிலும் மாற்றியது. இங்கே எவரும் எழுதலாம். எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் அவர்கள் தொடக்க நாள்களில் ஏறக்குறையத் தனியாகவே நின்று வளர்த்த தமிழ் விக்கிப்பீடியா, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டு விளங்குகின்றது.

அதில் எழுதக் கற்பது கடினமன்று. பக்கத்தின் மேலே ‘தொகு’ என்றொரு சொல் இருக்கும். அதனை அழுத்தினால் கட்டுரை நம் கைக்கு வந்துவிடும். பிழை செய்து பழகுவதற்கென்றே ‘மணல்தொட்டி’ என்னும் பக்கம் உண்டு. மணலில் விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளி நாள்களை அப்பெயர் நினைவூட்டுகின்றது. ஒவ்வொரு மாற்றமும் நாளும் நேரமும் குறிக்கப்பட்டு வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகும்; எழுதியதும் அழித்ததும் இரண்டும் அங்கே இருக்கும். கருத்து வேறுபட்டால் வாதிடுவதற்கு உரையாடற் பக்கம் உண்டு. இத்தனையும் இரண்டொரு மாலைப் பொழுதுகளில் நாம் கற்றுக்கொண்டோம். கற்கக் கடினமானது வேறொன்று என்பது பின்னரே தெரிந்தது.

கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை அவர்கள்பால் நமக்கு இளமை முதலே பெருமதிப்பு உண்டு. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, சமுதாயத்தின் கல்விக்காகத் தம் வாழ்வை ஈந்தவர் அவர். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை அவர் வெளியிட்டார். அந்நூலைப் பற்றி எழுதப் புகுந்த நாம், “தமிழில் தோன்றிய முதல் நாவல் இதுவே” என்று முதல் வரியை அமைத்தோம். விழா மேடையொன்றில் கேட்ட சொல் அது. கேட்டபோது நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சு ஆராயவில்லை.

மறுநாள் பார்த்தால், அவ்வரியின் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்னும் இரு சொற்கள் நின்றன. அடுத்த நாள் அவ்வரியே இல்லை. நீக்கியவர் யாரென அறியோம். ஒரு புனைபெயர் மட்டுமே தெரிந்தது. நமக்குச் சினம் மூண்டது. “நம்மவர் புகழ் பொறாத எவரோ செய்த வேலை இது” என்று எண்ணினோம். அந்த எண்ணத்தை எழுத்திலும் வடித்து உரையாடற் பக்கத்தில் இட்டோம். வந்த மறுமொழியில் கடுமை சிறிதும் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்ததைச் சுட்டி, “தங்களிடம் வேறு ஆதாரம் இருப்பின் தருக, சேர்த்துக்கொள்வோம்” என்று மட்டும் இருந்தது.

ஆதாரம் தேடினோம். கிடைக்கவில்லை, ஏனெனில் அப்படியொன்று இல்லை. 1879 முந்தியது, 1885 பிந்தியது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். நாம் அறியாமற்போனது கணக்குத் தெரியாமலன்று, பற்றினால். “ஈழத்தின் முதல் தமிழ் நாவல்” என எழுதலாமே என்று பின்னர்ப் பார்த்தபோது, அதுவும் ஆய்வாளரிடையே ஒரு முடிவான கருத்தன்று என்று அறிந்தோம். 1856இல் வெளிவந்த ‘காவலப்பன் கதை’யை முன்வைப்போரும் உளர். ஆகவே இன்னார் இவ்வாறு கருதுகின்றனர், வேறு சிலர் அவ்வாறு கருதுகின்றனர் என்று இரு பக்கமும் எழுதுவதே முறையாயிற்று. இதனையே நடுநிலை நோக்கு என்று அக்களஞ்சியத்தார் சொல்கின்றனர். சித்திலெவ்வை அவர்களின் பெருமை இதனால் ஓர் அணுவும் குறையவில்லை. தமிழ் நாவல் பிறந்து ஆறே ஆண்டுகளில் அவ்வடிவைக் கையாண்டவர் என்னும் மெய்யே போதுமான மணிமுடி. பொய்யால் ஆன மணிமுடி, தொட்டவர் கையில் உதிர்ந்து, அணிந்தவரையும் நாணச் செய்யும்.

நீதிக்குச் சாட்சியாய் நில்லுங்கள். அது உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராயினும் சரியே என்று சூரத்துன் னிஸா கற்பிப்பதை நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்! சாட்சியம் என்றதும் நீதிமன்றக் கூண்டு மட்டுமே நம் நினைவில் நின்றது. சமுதாயப் பெருமை பேசும் பேனாவும் ஒரு கூண்டிலேயே நிற்கின்றது என்பது தோன்றவில்லை. சூரத்துல் ஹுஜுராத்தோ ஒரே அத்தியாயத்தில் இரண்டு நோய்களுக்கும் மருந்து வைத்திருக்கின்றது. நம்பத்தகாதவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்வது ஒன்று; பிறர்மீது வீண் ஐயம் கொள்வதைத் தவிர்க்கச் சொல்வது மற்றொன்று. நாமோ விசாரிக்க வேண்டிய செய்தியை நம்பினோம்; நம்ப வேண்டிய மனிதரை ஐயுற்றோம்.

ஆதாரம் கேட்கும் இவ்வழக்கம் நமக்கு அந்நியமானதா? இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஹதீதுகளைத் திரட்டப் பல நாடுகள் அலைந்ததும், அறிவிப்பாளர் சங்கிலியில் ஒரு கண்ணி நலிந்தாலும் செய்தியைத் தம் நூலில் சேர்க்காது விட்டதும் எதற்காக? செய்தி இனியது என்பதற்காக அது மெய்யாகிவிடாது என்பதற்காகவன்றோ? எனினும் இரண்டும் ஒன்றென்று சொல்லிவிடல் பொருந்தாது. இஸ்னாதில் அறிவிப்பவரின் ஒழுக்கமும் நினைவாற்றலும் ஆராயப்பட்டன. விக்கிப்பீடியாவில் எழுதுபவர் முகமற்றவர். ஆதலின் அவர் காட்டும் நூலே ஆராயப்படுகின்றது. ஆளைக் கொண்டு சொல்லை எடை போட இயலாத இடத்தில் சான்றின் தேவை கூடுமேயன்றிக் குறையாது.

அத்தேவையை மறந்தால் விளைவது என்ன? அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர் என்பவரைக் கென்னடி சகோதரர் கொலைகளோடு தொடர்புபடுத்தும் பொய்யொன்றை 2005ஆம் ஆண்டு மே மாதம் எவரோ ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதி வைத்தார். ஏறக்குறைய நான்கு மாத காலம் அப்பொய் அங்கேயே நின்றது. எழுதியவர் அதனை விளையாட்டென்று எண்ணியிருந்தார். ஒருவர்மீது இல்லாததைச் சுமத்துவது அவதூறு. அது மையில் எழுதப்பட்டாலும் மின்திரையில் எழுதப்பட்டாலும் பாவம் ஒன்றே. எல்லாரும் காவலர் என்னும் இடத்தில், நம் வாயிலை மற்றவர் பார்த்துக்கொள்வார் என ஒவ்வொருவரும் உறங்கிவிடும் இடர் உண்டு. அமானத் என்பது பலரிடம் ஒப்படைக்கப்படுவதால் பங்கு பிரிந்து சிறுத்துப் போவதன்று. ஒவ்வொருவர் தலையிலும் அது முழுமையாகவே இருக்கின்றது.

இன்னொரு பாடமும் உண்டு. அங்கே எழுதியது எழுதியவனின் உடைமையாய் இராது. எவரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பரப்பலாம் என்னும் உரிமத்தின் கீழேயே ஒவ்வொரு வரியும் சேர்கின்றது. வக்ஃபு செய்த நிலத்தில் மீண்டும் வேலி போட முடியுமா? கட்டுரையின் நெற்றியில் ஆசிரியர் பெயர் இல்லை. வலக்கரம் ஈவதை இடக்கரம் அறியாத தர்மத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்தார்கள். பெயரை நாடி எழுதியவனுக்கு இங்கே கூலி ஏதுமில்லை; நிய்யத் எதுவென்று அவனுக்கே தெரிந்துவிடுகின்றது. நம் வரி நீக்கப்பட்டபோது நாம் கொண்ட சினம், உண்மைக்கு நேர்ந்த ஊறுக்காகவா, நமக்கு நேர்ந்த ஊறுக்காகவா? விடையை எழுத நாணுகின்றோம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதே. அச்சேறிய சான்று வேண்டும் என்றால், அச்சேறாத வாழ்வு என்னாவது? பாட்டிமார் பாடிய தாலாட்டு, அறபுத்தமிழ் ஏடுகளில் துயிலும் பாடல்கள், கடலோடிய முன்னோரின் கதைகள் ஆகியவை பொய்யா? பொய்யல்ல. ஆயினும் களஞ்சியம் அவற்றை முதன்முதலில் சொல்லும் இடமன்று; பிறர் சொல்லி நிலைபெற்றதைத் திரட்டும் இடம். ஆகவே குறை களஞ்சியத்தினுடையதன்று, நம்முடையது. எத்தனை ஊர் மலர்கள் ஆண்டு குறிக்காமல் அச்சாகியிருக்கின்றன! எத்தனை கட்டுரைகள் “பெரியோர் சொல்வர்” என்று தொடங்கி, எந்தப் பெரியோர் என்று சொல்லாமலே முடிந்திருக்கின்றன! இவ்விதழிலும் நாம் அவ்வாறு எழுதியதுண்டு.

ஆதலின் வாசகர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. உங்கள் ஊர் முதியவரிடம் கேட்டறிந்ததைச் சொன்னவர் பெயர், கேட்ட நாள், இடம் ஆகியவற்றோடு எழுதி வெளியிடுங்கள். நாளை ஒருவருக்கு அதுவே சான்றாகும். அதன்பின் களஞ்சியத்திலும் ஒரு வரி சேருங்கள். அவ்வரியை எவரேனும் திருத்தினால், சினப்பதற்கு முன்னர் அவர் காட்டும் நூலைத் திறந்து பாருங்கள். பயன்தரும் கல்வி, மறைந்த பின்னும் தொடரும் நன்மை என்பது நம் நம்பிக்கை. பிழையான வரியும் அவ்வாறே தொடரும் என்பதை எண்ணும்போது கை நடுங்குகின்றது. அந்நடுக்கத்தோடு எழுதும் நல்லுணர்வையும், திருத்துவோருக்கு நன்றி சொல்லும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!