விசாரித்த பிறகு

வீட்டு வேலைக்கு வருகிறவர்களைத் துருவித் துருவி விசாரிப்பது பாவம் என்பது என் அக்காவின் கட்சி. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. இரவு பகல் கூடவே இருக்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம். “வயித்துப் பொழப்புக்கு வர்றவங்கள நிக்கவச்சு கேள்வி கேக்கறியேடா தம்பி, அவங்க மனசு நொந்தா நமக்கு ஆகுமா?” என்றாள்.

நான் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1965-இல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்த இடம் அது. கேஜ் வைத்துப் பார்க்காமல் எந்த உதிரி பாகத்தையும் உள்ளே விட மாட்டோம். இரும்பைச் சோதித்தால் இரும்புக்கு வலிக்காது. மனிதருக்கு வலிக்கும். அக்கா சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

திருக்குறளின் 51-ஆவது அதிகாரம் தெரிந்து தெளிதல். அரசன் தனக்கு வேண்டிய ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது. திருமுல்லைவாயிலில் ஆள் தேடும் எனக்கும் அது பொருந்துகிறது. ஒருவரைத் தெரிந்துகொள்ளாமல் நம்பினால் அந்தத் துன்பம் நம்மோடு நிற்காது, நம் வழிமுறைக்கும் போய்ச் சேரும் என்கிறார் வள்ளுவர். என் வீட்டில் அந்தத் துன்பம் முதலில் அம்மாவைத்தான் பிடிக்கும். அவளை யாராவது கிள்ளினால்கூட அவளால் சொல்ல முடியாது. வேலைக்கு வருகிறவர்மேல் அக்கா வைத்த இரக்கம் நல்லதுதான். ஆனால் வாய் பேச முடியாமல் படுத்திருப்பவளை முன்பின் தெரியாத கையில் கொடுத்துவிட்டு, அதற்கு நல்ல மனசு என்று பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே விசாரிப்பது கடமை. எதை, எப்படி விசாரிக்கிறோம் என்பதில்தான் பாவம் புண்ணியமெல்லாம்.

அந்த அதிகாரத்தின் முதல் குறள் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்று நான்கைச் சொல்கிறது. ஆளை அனுப்பி, ஆசை காட்டி, அச்சமூட்டிச் சோதிப்பது என்று பரிமேலழகர் அதற்கு உரை செய்கிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இந்த நான்கு சோதனைகள் உண்டு. எங்கள் பக்கத்தில் சிலர் இதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். புதிதாக வந்தவள் கண்ணில் படும்படி தலையணைக்கு அடியில் 500 ரூபாய் நோட்டை வைத்துவிட்டுக் கடைக்குப் போவார்கள். இது பெரிய தவறு. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அலைந்துகொண்டிருப்பவள் முன்னால் பணத்தைப் போட்டுவிட்டு ஒளிந்து பார்ப்பவர், அவள் குணத்தைச் சோதிக்கவில்லை. அவள் வறுமையைச் சீண்டுகிறார். கெடாதவரைச் சோதனையின் பெயரால் கெடுத்துவிடக் கூடாது, கெட்ட மனதைத் திருத்த மருந்து கிடைக்காமலும் போகலாம் என்று கௌடில்யரே எச்சரித்திருக்கிறார். சோதிப்பவர்கள் அந்த இடத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு எப்படித்தான் பார்ப்பது? ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்று அதே அதிகாரம் சொல்கிறது. எனக்கு அது போதும். அம்மாவுக்காகக் குளியலறையை மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. மேஸ்திரி கொட்டேஷனை நீட்டினார். அதை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் அம்பத்தூரில் கடைசியாக முடித்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அழைத்துப் போனார். அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். மூலையில் தேங்காமல் நேராகச் சல்லடைக்குப் போனது, வாட்டம் சரி. டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்த்தேன், பொள்ளல் சத்தம் இல்லை. அன்றே அட்வான்ஸ் கொடுத்தேன். மேஸ்திரி முகம் சுளிக்கவில்லை. தன் வேலையைப் பார்க்க ஒருவன் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த அந்தம்மாவிடமும் கேள்வி அதிகம் கேட்கவில்லை. “அம்மாவ ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, பாக்கலாம்” என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, “அம்மா, இந்தப் பக்கம் திருப்பப் போறேன், பயப்படாதீங்க” என்று சொன்ன பிறகுதான் தொட்டார். விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கவில்லை. அப்படி இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்துத் திருப்பினார். நான் சொல்லாமலே முதுகுத்தண்டின் அடியையும் குதிகாலையும் பார்த்தார். படுக்கைப்புண் தொடங்கும் இடங்கள் அவை. கஞ்சி கொடுக்குமுன் நிமிர்த்தி உட்காரவைத்தார், புரையேறாமல் இருக்க. முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளின் எண்களை அவரே எழுதிக் கொடுத்தார். பேசினேன்.

காவல்துறைச் சரிபார்ப்பையும் விட வேண்டாம். 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகமே இருக்கிறது, இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஆனால் வழக்கு இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே அதில் தெரியும். கை எப்படித் தொடும் என்பது தெரியாது.

வள்ளுவரோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் உண்டு. சுற்றம் இல்லாதவரை நம்ப வேண்டாம், அவர்களுக்குப் பற்றில்லை, பழிக்கு அஞ்சமாட்டார்கள் என்கிறார். அரசனுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்று அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் பூந்தமல்லிக் கட்டட வேலைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்களுக்கு இங்கே யார் சுற்றம்? பற்று இல்லாதவர்களா அவர்கள்? இரவு எட்டு மணிக்கு ஊருக்குப் போன் போட்டுப் பேசுவதைக் கேட்டால் தெரியும்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் போனில் சொன்ன ஒன்று இன்னும் உறுத்துகிறது. “என்ன ஆளுங்கன்னு நாங்களே விசாரிச்சுத்தான் அனுப்புவோம் சார், கவலப்படாதீங்க.” நான் சாதியைக் கேட்கவே இல்லை. மற்ற வீடுகளில் எல்லாரும் கேட்டுக் கேட்டு அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் திருக்கச்சி நம்பியைத் தெரியும். அந்த ஊரில் வைசியராகப் பிறந்து, காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய தொண்டர். இராமாநுசர் அவரைக் குருவாகவே கொள்ள விரும்பி, அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று வீட்டுக்கு அழைத்தார். நம்பி வந்த நேரத்தில் இராமாநுசர் வீட்டில் இல்லை. சாப்பிட்டுவிட்டு நம்பி கிளம்பியதும், இராமாநுசரின் மனைவி இலையைத் தூர எறிந்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு மறுபடி சமைத்தாள் என்பது குருபரம்பரைக் கதை. பெருமாளுக்கே விசிறிய கை அது. அந்தக் கையின் வேலையைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்தார்கள்.

எங்கள் தெருக்களில் இது இன்னும் நடக்கிறது. பெற்ற தாயின் மலம் அள்ளுகிறவளுக்குத் தனி டம்ளர். குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டு. அவள் படுக்கும் இடத்தை நோக்கி ஒரு கேமரா. தெளிந்து எடுத்துக்கொண்டவரைப் பிறகு சந்தேகிப்பது, தெளியாமல் நம்புவதற்குச் சமமான கேடு என்று வள்ளுவர் அந்த அதிகாரத்தை முடிக்கிறார். சேர்க்கும்முன் எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள், சேர்த்த பிறகு நம்புங்கள். அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், முழுதும் ஒப்புக்கொண்டாளா என்று சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஏஜென்சிக்காரர் “என்ன ஆளுங்க” என்று தொடங்கினால், அது எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பு வேலை பார்த்த வீட்டின் எண்ணைக் கேளுங்கள்.