மணலுருவும் மனத்துருவும்

திருக்கோணமலையின் கடல் வைகாசி தொடங்கி ஆவணி வரையும் அடங்கிக் கிடக்கும். மாரிக்காலத்திற் கரையை அரித்துச் செல்லும் அலைகள் அக்காலத்திற் பிள்ளைகளின் காலைத் தீண்டி மீள்வனவாய் அமைகின்றன. கோட்டைக்குத் தென்பாலுள்ள டச்சுக்குடாக் கரையிலும், வடக்கே உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலும் விடுமுறை மாலைகளில் உலாவுவோர், பிள்ளைகள் ஈரமணலாற் கோயிலும் தேரும் ஆமையும் அமைத்து விளையாடுதலைக் காணாதிரார். இவ்விளையாட்டை ஒரு கலைப்பயிற்சியாக ஒழுங்குபடுத்தி, ஆகஸ்டு விடுமுறையில் மணற்சிற்பக் காட்சியொன்று நடத்தலாமோ என்று ஆசிரியர் சிலர் எம்மோடு உசாவினர். அப்போது ஐயங்கள் இரண்டு எழுந்தன. மாலையில் அழிவதொன்றன் பொருட்டு மாணவரைக் காலை முதல் உழைப்பித்தல் தகுமா என்பது ஒன்று. பிள்ளைகள் சிவலிங்கமும் விநாயகர் திருவுருவும் அமைக்கப் புகின், அவை மிதிபட்டுச் சிதைதல் சிவநிந்தை ஆகாதா என்பது மற்றொன்று. இவை எள்ளி ஒதுக்கத்தக்க ஐயங்கள் அல்ல. இரண்டாவதனை எழுப்பியவர் பத்தி மிகுதியினாலேயே எழுப்பினார். ஆதலின் இரண்டனையும் முறையே ஆராய்வாம்.

முதற்கண் இக்கலையின் இயல்பை அறிதல் வேண்டும். பாரத நாட்டில் இது சிறந்து விளங்குமிடம் ஒடிசாக் கடற்கரை. பூரி நகரத்துச் சிற்பியாராகிய சுதர்சன பட்நாயக் என்பார்க்கு 2014-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் பத்மஸ்ரீ விருது வழங்கினர். கோணார்க்குக்கு அணித்தாகிய சந்திரபாகைக் கரையில் ஆண்டுதோறும் டிசம்பர் மாதத் தொடக்கத்திற் பன்னாட்டுச் சிற்பியரும் கூடும் மணற்சிற்ப விழா நடைபெற்று வருகின்றது. அந்நாட்டார் இக்கலைக்கு ஒரு பழங்கதையும் கூறுவர். பலராமதாசர் என்னும் கவிஞர் சகந்நாதப் பெருமான் தேர்விழாவில் அவமதிக்கப்பட்டு விலக்குண்டார். மனம் நொந்து கடற்கரையை அடைந்து மணலாலே தேர் அமைத்து வழிபட்டார். பெருமான் அங்கே எழுந்தருளினார் என்பது அக்கதை.

இத்தொழிலுக்கு வேண்டுவன மணலும் நீரும் கையுமே. உலர்ந்த மணல் குவியுமன்றி உருவாய் நில்லாது. சிறிது நீர் சேர்ந்தவழி, மணலின் துகள்களுக்கிடையே நுண்ணிய நீர்ப்பாலங்கள் அமைந்து அவற்றை ஒன்றோடொன்று பிணிக்கின்றன. நீர் மிகின் அப்பிணிப்பு நெகிழ, உரு சரிந்துவிடும். ஈரமணலை இடித்து இறுக்கிய பின், சிற்பியர் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வருவர். கீழ்ப்பகுதியை முன்னர்த் திருத்தின், மேலிருந்து உதிரும் மணல் அதனைக் கெடுத்துவிடும். அளவறிந்து நீர் சேர்த்தலும் முறையறிந்து செதுக்குதலும் கைவந்தாலன்றி உரு எழாது. எனவே, இதனைக் காலம் போக்கும் வெறும் விளையாட்டெனத் தள்ளுதற்கில்லை.

அற்றேல், அழிவதன்கண் இத்துணை உழைப்பு எற்றுக்கு எனின், அழியாதது யாது என்று நாம் வினாவுதல் வேண்டும். டென்மார்க்கு நாட்டுப் புளோக்குஸ் என்னும் ஊரில் 2021-ஆம் ஆண்டிலே 21.16 மீற்றர் உயரமான மணற்கோட்டை எழுப்பப்பட்டது. அதற்குச் செலவான மணல் 4,860 தொன். அது காற்றையும் குளிரையும் தாங்குமாறு பத்திலொரு பங்கு களிமண் கலந்து, புறத்தே பசையும் பூசினர். அங்ஙனம் செய்தும், அதனைச் சில மாதங்கள் காத்தலே அவர்தம் நோக்கமாயிற்று. பசையாற் கூட்டக்கூடியது நாட்களின் தொகையையே.

தொலைநாட்டுச் சான்றும் வேண்டா. நம் கோணேசர் திருக்கோயில் கருங்கல்லாற் சமைந்தது. ஞானசம்பந்தப் பெருமானாற் பாடப்பெற்றது. 1622-ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துக்கேயர் அதனை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டுதற்குக் கொண்டனர். 1956-ஆம் ஆண்டில் ஆதர் கிளார்க், மைக் வில்சன் என்னும் இருவர் சுவாமிமலையடியிற் கடலுள் மூழ்கி, கோயிற் றூண்களும் கற்களும் அங்கே கிடத்தலைக் கண்டனர். கல்லும் அலைவாய்ப்பட்டதென்றால், மணல் அலைவாய்ப்படுதலில் வியப்பென்னை? கோயிலற்றுக் கிடந்த நெடுங்காலத்திலும் நம் முன்னோர் அம்மலையுச்சியில் நின்று கடலை நோக்கி மலர் தூவித் தீபங்காட்டி வழிபட்டு வந்தனர். 1963-ஆம் ஆண்டிற் புதிய கோயில் குடமுழுக்குப் பெற்றதாயின், அதற்கு வித்தாய் நின்றது இடையறாத அவ்வழிபாடே. கட்டடம் அழிந்தும் வழிபாடு அழிந்திலது என்பதனைத் திருக்கோணமலையார்க்குப் பிறர் கற்பித்தல் வேண்டா.

சைவசித்தாந்தமும் இதனையே வேறு முகத்தால் உணர்த்துகின்றது. இல்லாதது தோன்றாது, உள்ளது முற்றும் இன்றாய்ப் போகாது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் முதலியன துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். குடம் உடைந்தவழி மண் எஞ்சுதல்போல, உலகமும் ஒடுங்கியவழி மாயை எஞ்சும் என்பர் ஆசிரியர். வகுப்பிலே குடத்தைக் காட்டி விளக்கப்புகும் ஆசிரியர் அதனை உடைத்துக் காட்டார். கடற்கரையிலோ, தோற்றமும் நிலையும் ஒடுக்கமும் ஒரு மாலைப் பொழுதிற்குள் பிள்ளையின் கண்முன்னே நிகழ்கின்றன. தான் செய்ததொன்று தன் கண்முன்னே காரணத்திற்கு மீளுதலைக் கண்ட பிள்ளைக்குச் சற்காரியவாதம் வெறுஞ்சொல்லாய் நில்லாது.

இனி, இரண்டாம் ஐயம். நிலையா உருவில் இறைவனை வழிபடுதல் நமக்குப் புதியதன்று. மணல், அரிசி, அன்னம், சந்தனம், மலர் முதலியவற்றால் அமைத்து, வழிபாடு முடிந்தவுடன் விடப்படும் இலிங்கத்தைச் சணிகலிங்கம் என நூல்கள் விதந்து கூறுகின்றன. நம் வீடுகளில் மஞ்சளிலேனும் சாணத்திலேனும் பிள்ளையார் பிடித்து அறுகு சாத்தி வழிபட்டு, பின்னர் நீரிற் சேர்க்கின்றோம்; அதனை நிந்தையென்பார் யாருமிலர். காஞ்சியிற் கம்பையாற்று வெள்ளம் பெருகியபோது அம்மை தழுவிக் காத்த இலிங்கம் மணலிலிங்கம். இராமேச்சுரத்திற் சீதாபிராட்டியார் அமைத்ததும் மணலிலிங்கமே என்பது தலவரலாறு.

எல்லாவற்றினும் சிறந்த சான்று சண்டேசுர நாயனார் திருச்சரிதம். சேய்ஞலூரிலே மண்ணியாற்றங்கரையில், ஆத்திமரத்தின் கீழ், ஆநிரை மேய்த்த இளைஞராகிய விசாரசருமர் மணலால் இலிங்கம் அமைத்துப் பால் சொரிந்தார். ஊரார் கண்டது மணலும் வீணாகிய பாலுமே. தந்தையாகிய எச்சதத்தன் கண்டதும் அதுவே. அதனால் அவன் பாற்குடத்தைக் காலால் இடறினான். மைந்தர் கண்டது சிவத்தை. பொருள் ஒன்றாயிருப்பவும் காண்போர் கண் வேறாயிற்று.

இவ்விடத்து எம் பிழையொன்றை மறையாது கூறுதல் கடன். யாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்த தொடக்கத்தில், கடற்கரைக்கு அழைத்துச் சென்ற மாணவருள் ஒருவன் மணலில் இலிங்கம் அமைத்து, அடம்பம்பூ ஒன்றை அதன் முடியில் வைத்திருந்தான். பிறர் மிதிப்பரே என்னும் அச்சத்தால் அவனைக் கடிந்தோம். அவன் நடுங்கி, அதனைக் கையாற் கலைத்தான். சில நாட்களின் பின் அதே வகுப்பிற் சண்டேசுர நாயனார் சரிதத்தைக் கற்பித்தோம். மணலிலிங்கம் என்னும் சொல் எம் வாயினின்றும் எழுந்தபொழுது அம்மாணவன் தலைநிமிர்ந்து எம்மை நோக்கினான். அவன் ஒன்றும் வினாவவில்லை. எமக்கும் மேலே பாடஞ்சொல்ல நாவெழவில்லை. நிந்தைக்கு அஞ்சிய யாம் எச்சதத்தன் பக்கத்தில் நின்றதை அன்றே உணர்ந்தோம்.

ஆயினும், அஞ்சியவர் கூற்றில் உண்மை சிறிதும் இல்லை என்பதன்று. சணிகலிங்கத்திற்கும் காட்சிப்பொருளுக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் இறைவனை எழுந்தருளுவித்தலும், பூசித்தலும், முடிவில் வணங்கி விடைகொண்டு உருவை நீரிற் சேர்த்தலும் உள. பின்னதில் உருவை அமைத்துப் பரிசு பெற்று, அதனை நாய்க்கும் காலடிக்கும் விட்டு வீடு திரும்புதலே உளது. குற்றம் அழிதலில் இல்லை, கைவிடுதலில் உள்ளது. ஆதலாற் காட்சி நடத்தும் ஆசிரியர் இரண்டு வரம்புகளைக் கொள்வாராக. போட்டிக்கும் பரிசுக்கும் கோபுரம், தேர், இடபம், சங்கு, தோணி, மீன் முதலியவற்றையே பொருளாக வைக்க. திருவுருவம் அமைக்க விரும்பும் பிள்ளையைத் தடுக்கற்க. அதனைப் பரிசுக்குரியதாக்காது ஒருபுறத்தே அமைப்பித்து, பூச்சாத்தி வணங்கச் செய்து, கரையை விட்டு நீங்குமுன் அவன் கையாலேயே கடல்நீரிற் சேர்ப்பிக்க. செய்தலிற் காட்டிய அன்பு விடுத்தலிலும் காட்டப்படுதலே முறை.

இவ்வளவும் ஆசிரியர்க்குப் புதியதாகத் தோன்றுமோ? நம் திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் எழுத்துப் பயின்றது மணலிலேயாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையிலிருந்த அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்தியர் அம்முறையைக் கண்டு வியந்து, தம் பாடசாலையிற் கைக்கொண்டு, 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் அதனைக் குறித்து நூலும் வெளியிட்டார். விரலால் எழுதிய அகரம் கையால் நிரவப்படும், மறுபடியும் எழுதப்படும், மறுபடியும் நிரவப்படும். மாலையில் மணலில் ஒன்றும் இராது. பிள்ளையோ எழுத்தறிந்தவனாய் வீடு செல்வான். ஆசிரியர் தம் வாழ்நாளெல்லாம் செய்யும் தொழில் இத்தன்மைத்தே. கரும்பலகையில் எழுதியது நாள்தோறும் துடைக்கப்படுகின்றது. பேசிய சொல் காற்றிற் கலக்கின்றது. நிற்பது மாணவன் உள்ளத்திற் பதிந்த உரு.

ஆகவே காட்சி நடைபெறுக. அலை வந்து உருவைக் கொள்ளுங்கால் வருந்தும் பிள்ளையை நோக்கி, "தம்பி, நாளையும் மணல் இருக்கும், உன் கையும் கற்றது மறவாது" என்று கூறும் ஆசிரியர் ஒருவர் அருகில் நிற்பாராக. அவ்வாசிரியர்க்கு மாதுமையம்மை உடனாய கோணேசப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.