தோள் கொடுக்க வேண்டியவர் யார்?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருப்பாணாழ்வார் வைபவத்தை நாம் பலகாலும் அநுஸந்தித்து வருகிறோம். அரங்கத்து மண்ணை மிதிக்கத் தமக்குத் தகுதி இல்லை என்று அவரை எண்ணவைத்தது அக்கால உலக வழக்கு. ஆகவே காவிரியின் தென்கரையிலேயே நின்று பெரிய பெருமாளைப் பாடியிருந்தார். தீர்த்தம் கொண்டுபோக வந்த லோகஸாரங்க முனிவர், விலகச் சொல்லியும் அவர் கேளாதிருக்கவே, கல்லெறிந்தார். எம்பெருமானோ அம்முனிவரையே நியமித்து, ஆழ்வாரைத் தோளில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வரச் செய்தான். எறிந்தவருடைய தோளே வாஹனமாயிற்று. தடுத்தவரே குனிய வேண்டும் என்பது இங்குத் தேறும் அர்த்தம்.

இவ்வர்த்தம் இன்றைய நாட்டு வாழ்வுக்கும் பொருந்தும். ஓர் அரசு அலுவலகத்துக்குப் பத்துப் படிகள் உள்ளன. சக்கர நாற்காலியில் வந்தவர் வாசலோடு நின்றுவிடுகிறார். வரி செலுத்துவதில் அவர் முழுக் குடிமகன். உள்ளே புகுவதில் மட்டும் பிறர் தூக்கிவிடக் காத்திருப்பவர். பாரத தேசத்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அவற்றை 21 ஆக்கி, பொதுக் கட்டடங்கள் அனைவரும் புகத்தக்கனவாக அமைய விதித்தது. 2024 மக்களவைத் தேர்தலில், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர் விரும்பினால் இல்லத்திலிருந்தே வாக்களிக்கலாயிற்று. அலுவலர்களே அவர்கள் வாசலுக்குச் சென்றனர்.

இங்கு ஒரு சங்கை எழும். உடற்குறை பூர்வ கர்ம பலன் அன்றோ, அதில் நாம் தலையிடலாமோ என்னில்: பலன் அளிப்பவன் ஸர்வேச்வரன். அவனுக்கும் ஜீவனுக்கும் இடைப்பட்ட கணக்கில் நமக்கு அதிகாரம் இல்லை. படிக்கட்டைக் கட்டியவர்கள் நாமே. மேலும், கூரத்தாழ்வான் திருக்கண்களை இழந்தது எம்பெருமானாரைக் காப்பதற்காக அன்றோ? குறையைக் கண்டவுடன் பாபத்தைத் தேடுவோர் அவர் விஷயத்தில் வாய் திறவார்கள்.

சேதநர் அனைவரும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது நம் தர்சனம். சரீரத்தின் ஒரு பகுதியை வாசலில் நிறுத்திவிட்டுச் சரீரியை உள்ளே ஸேவிப்பது எங்ஙனே கூடும்?

ஆகையால், நம் ஸந்நிதிகளிலும் கோஷ்டி கூடும் மண்டபங்களிலும் சாய்தளம் அமைப்பதைத் தயை என்று நினையாதொழிவோம். லோகஸாரங்கர் தோள் கொடுத்தது பகவந் நியமனத்தாலே, அது கைங்கர்யம். இன்று நாம் கொடுக்க வேண்டிய தோள் அச்சாய்தளமே.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.