ஒரே தரம் நெய்த இழை

நம் இருதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,00,000 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பெருந்தமனி ரப்பரைப்போல விரிந்து சுருங்குகிறது. எப்படி? அதின் சுவரில் எலாஸ்டின் என்னும் புரத இழை உண்டு. தாயின் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் குழந்தைப் பருவத்திலும் குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் அதை மும்முரமாய் நெய்கின்றன. வளர்ச்சி முடிந்ததும் தறி ஏறக்குறைய நின்றுபோகுது. அன்று நெய்ததே முதிர்வயது வரைக்கும் தாங்கவேண்டும்!

சகோதரனே, நீ ஊதுகிற பீடி அந்த இழையை அரிக்குது. கவனியாமல் விட்ட சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் குழாயை விறைக்கப்பண்ணுது. அறுந்த இழை பழையபடி திரும்பாது. ஜெபித்தாய், நல்லது, மாத்திரையை ஏன் நிறுத்தினாய்? தேவன் ஒரே தரம் நெய்து தந்ததைக் காப்பதும் விசுவாசந்தான். இன்றைக்கே பீடியை எறிந்துவிடு!