கொல்லைச் சந்து எங்கே போனது?

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய வீடுகளை இடித்து அதே மனையில் எட்டு பிளாட், பத்து பிளாட் என்று எழுப்புகிறார்கள. திண்ணை போச்சே, முற்றம் போச்சே என்று உருகி எழுதவும் ஆட்கள் இருக்கிறார்கள். கொல்லைக்குப் பின்னால் ஓடிய சந்தைப் பற்றி மட்டும் ஒருவரும் உருகுவதில்லை.

எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் எங்கள் சனம் அந்த வீடுகளை நெருங்க இருந்த ஒரே வழி அந்தச் சந்துதான். என் ஆயா அப்படியொரு சந்தில் வருஷக்கணக்காகப் போய்வந்தது. "அந்த வூட்டு வாசக்கதவு எப்படியிருக்கும்னே எனக்குத் தெரியாதுடா" என்று சொல்லும். வீட்டின் வரைபடத்திலேயே சாதி இருந்தது. அது இடிவதில் எனக்குச் சொட்டுக் கண்ணீர் கிடையாது. என் கேள்வி வேறு: வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் எதைப் புதுப்பிக்கிறார்கள்?

1920இல் 'மூக்நாயக்' முதல் இதழில் அம்பேத்கர் இந்து சமூகத்தை ஏணியில்லாத பல அடுக்குக் கோபுரமாகக் காட்டினார். இன்று அடுக்குமாடிக்கு லிஃப்ட் வந்துவிட்டது. சந்தோ மண்ணுக்குள் போய்விட்டது. பாதாளச் சாக்கடை உள்ள தெருவில் அதன் பெயர் சேம்பர். அது எட்டாத புறநகரில், கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடக்கும் செப்டிக் டேங்க். அடைத்துக்கொண்டால் தேடுவது இன்னமும் எங்கள் ஆட்களைத்தான்.

பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளைச் சாக்கடையிலோ தொட்டியிலோ இறக்குவது 2013ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. சாக்கடைச் சாவுக்கு 2014இல் பத்து லட்சம் என்ற இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது. ஆள் இறங்குவது நிற்கவில்லை.

பிளாட்காரரைக் கேட்டால், "நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்லீங்க. செகரட்டரி கான்ட்ராக்டர்கிட்ட சொன்னாரு, அவரு யாரைக் கூட்டியாந்தாரோ" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாது. பழைய வீட்டுக்காரர் யார் வருவதென்று தெரிந்தே சந்து விட்டார். புது வீட்டுக்காரர் தெரியாமலிருப்பதற்கு மாசாமாசம் பராமரிப்புக் காசு கட்டுகிறார். தெரியாது என்பதாலேயே ஒருவர் குற்றமற்றவராகிவிட முடியுமா?

அவர்களுடைய பத்திரமே பதில் சொல்கிறது. ஒவ்வொரு பிளாட்டுக்கும் மனையில் 'பிரிபடாத பாகம்' உண்டு. படிக்கட்டும் லிஃப்டும் எல்லோருக்கும் பொது என்றால் தொட்டியும் பொதுதான். விலை ஏறும்போது பங்கு கேட்கிறவர், உள்ளே ஒருத்தன் மூச்சுமுட்டிச் சாகும்போது மட்டும் கான்ட்ராக்டரைக் கைகாட்ட முடியாது.

இடித்த மனையில் எதையும் மாற்றி வரையலாம். பூஜையறைக்காகவும் வாஸ்துவுக்காகவும் பிளானைப் பத்துத் தடவை திருத்துகிறார்கள். ஆள் இறங்காமல் தொட்டியைச் சுத்தம் பண்ண முடியுமா, உறிஞ்சுகிற லாரியின் குழாய் அங்கே எட்டுமா என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? கேட்காமல் கட்டினால், எத்தனை மாடி ஏற்றினாலும் அது பழைய வீடுதான்.