பேசப் பயந்தால் யாரைக் கேட்பது?

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்பானிய மொழி படிக்கிறாள் என் அண்ணன் மகள். வாசித்தால் புரிகிறது, தேர்வில் மதிப்பெண்ணும் வருகிறது. எதிரே ஆள் வந்து நின்றால் மட்டும் வாய் அடைத்துப்போகிறது. "இந்தப் பயம் எப்படிப் போகும் சித்தப்பா?" என்று கேட்டாள்.

எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆனால் கடையநல்லூர்க்காரனுக்கு இது புதிய கேள்வி இல்லை. தறியை நம்பி வாழ முடியாமல் கப்பலேறியவர்களின் ஊர் இது. பல ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டும் சிங்கப்பூர் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய காலத்திலேயே, கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் மனைவி மக்களோடு போனார்கள். தஞ்சோங் பகாரில் சேர்ந்து குடியிருந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். கடைவீதியில் அன்றைய பொதுமொழி மலாய். அதை அவர்கள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை.

அவர்களுக்குப் பயமே இருந்திருக்காது என்று நான் நம்பவில்லை. ஆனால் வாங்க வந்தவருக்கு மிளகாயும் மல்லியும் பதமாக அரைபட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். விற்றவளின் இலக்கணத்துக்கு அங்கே யாரும் மதிப்பெண் போடவில்லை.

1986இல் அமெரிக்காவில் எலைன் ஹார்விட்ஸும் இரு துணை ஆய்வாளர்களும் அயல்மொழி வகுப்பில் வரும் பயத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர்கள் அதைக் கொடுத்துப் பார்த்தது, ஸ்பானிய மொழியைத் தொடங்கியிருந்த 75 மாணவர்களிடம். திடீரென்று பேசச் சொன்னால் பதறுவது, கூட இருப்பவர் சிரிப்பாரோ என்று கூசுவது, ஆசிரியர் ஒவ்வொரு பிழையையும் திருத்தப் போகிறார் என்று நடுங்குவது எல்லாம் அதில் உண்டு. படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: எடைபோடும் ஒருவர் எதிரே இருக்கிறார் என்ற நினைப்பே பயத்தில் பெரும்பங்கு.

அந்த எடைபோடுபவர் யார்? ஸ்பானியம் சுமார் 50 கோடிப் பேரின் தாய்மொழி. மெக்சிகோக்காரர் பேசுவது மாதிரி அர்ஜென்டினாக்காரர் பேசுவதில்லை. இதுதான் சரி என்று எடைபோட அங்கே ஒரே ஒருவர் இல்லை. உச்சரிப்புக்கும் பெரிதாகப் பயப்பட வேண்டாம்: உயிரொலிகள் ஐந்துதான், ஐந்தும் தமிழ் வாய்க்குப் பழகியவை. எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே வாசித்துவிடலாம். நாக்கை அதிரவைக்கும் ரகரம்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

இன்னொன்று. நாம் ஆலோசனை கேட்கப் போவது எப்போதும் சரளமாகப் பேசுபவரிடம். அவர் தன் முதல் நாளை மறந்து வெகுகாலமாகியிருக்கும். "சும்மா பேசு, தானா வரும்" என்பார். உண்மைதான், கேட்டவளுக்கு உதவாது. துபாய்க்கோ சவுதிக்கோ போய்ப் புது மொழி பேசத் தொடங்கி ஓரிரு வருஷமே ஆனவரைக் கேட்டால் வேறு பதில் வரும். முதலில் யாரிடம் பேசினார், எந்தச் சொற்களைத் தயாராக வைத்துக்கொண்டு போனார், எதிராளிக்குப் புரியாதபோது என்ன செய்தார் என்று சொல்வார். பயம் எப்படிப் போகும் என்று கேட்பதைவிட இவற்றைக் கேட்பது நல்லது.

சிங்கப்பூர் போனவர்களிடம் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. 1941இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் அமைத்தார்கள். 1946இல் பிள்ளைகளுக்காக உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982இல் மூடப்பட்டாலும், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் என்று அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. சந்தையில் அரைகுறை மலாய் பேசியவர்களுக்கு, முழு மனிதராகப் பேசச் சொந்த மொழியும் சொந்த மக்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். புதிய மொழியில் ஐம்பது சொற்களோடு நிற்கும்போது வளர்ந்த மனிதருக்குத் தான் முட்டாளாகிவிட்டதாகத் தோன்றுகிறது. தனியாக இருப்பவருக்கு அந்த அவமானம் இரட்டிப்பாகும். என் அண்ணன் மகள் விடுதி அறையில் கைபேசியோடு தனியாகப் படிக்கிறாள். உன்னைப் போலவே தடுமாறும் இரண்டு பேரை வகுப்பில் தேடிப் பிடி, வாரத்தில் ஒரு நாளாவது அவர்களோடு உட்கார்ந்து தப்பும் தவறுமாகப் பேசு என்று அவளிடம் சொன்னேன்.