முகமும் பெயரும்

ஒரு பொருளைப் படம் பிடிப்பது வெறும் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வளவு எளிய செயலன்று. ஒன்றைப் படம் பிடிக்கும்போது 'இது நினைவில் வைக்கத் தக்கது' என்று சொல்லுகிறோம். மற்றொன்றைப் பார்த்தும் பாராதவர்போல் கடந்து செல்லும்போது 'இது மறக்கத் தக்கது' என்று சொல்லாமற் சொல்லுகிறோம். ஆகவே, எதைப் படம் பிடிப்பது, யாருக்காகப் பிடிப்பது என்னும் கேள்விகள் கலையைச் சார்ந்தவை மட்டுமல்ல, அறத்தையும் சார்ந்தவையாம்.

கோலாலம்பூர் செல்லும் நம்மவர் 1897இல் எழுந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டையும், 1910இல் திறக்கப்பட்ட பழைய இரயில் நிலையத்தின் குவிமாடங்களையும் படம் பிடிக்கின்றனர். பத்துமலையில் 2006இல் நிறுவப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாதோர் அரியர். சிங்கப்பூரிலோ 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலின் கோபுரம். இவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று, அழகியவை அழகியவையே. ஆனால், அழகைக் கண்ட கண் அதனை ஆக்கிய கையையும் தேட வேண்டாமா?

சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளை வெளேரென நிற்கும் அக்கட்டடத்தைப் படம் பிடிக்காத பயணி இல்லை. அது 1856 முதல் 1861 வரை, இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்தது. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்துப் பூசிய சாந்துதான் அதன் சுவர்களுக்கு அந்த மெருகைத் தந்தது. சாந்தின் சேர்மானம் ஏட்டில் ஏறிவிட்டது. குழைத்துப் பூசியவர்களின் பெயர்களை அக்கட்டடத்தின்முன் நின்று படம் எடுப்போரில் எத்தனை பேர் அறிவர்?

படம் பிடிக்கும் தொழில் இப்பகுதிக்குப் புதியதன்று. 1839இல் ஐரோப்பாவில் வெளியான இக்கலை, 1843இலேயே சிங்கப்பூரில் ஒரு விடுதிக்காரரால் விளம்பரம் செய்யப்பட்டது. 1867இல் லம்பர்ட் என்பவரின் படநிலையம் அங்கே தொடங்கிற்று. பின்னர் அஞ்சலட்டைகள் பெருகின. ரப்பர் மரத்தடியில் உளியும் வாளியுமாக நம் முன்னோர் நிற்கும் அட்டைகளும் அவற்றுள் உண்டு. அவற்றின் அடியில் 'தமிழ்க் கூலிகள்' என்னும் அளவிலே அச்சிட்டு முடித்திருப்பார்கள். நிற்பவள் யாருடைய தாய், எந்த ஊரிலிருந்து வந்தவள் என்பன அட்டையை வாங்கி அனுப்பியவருக்குத் தேவைப்படவில்லை.

தோட்டத்துக் கணக்கு எழுதும் எம்போன்ற கிராணிமாருக்கு இதில் ஒரு விந்தை தோன்றும். செக்ரோலில் பெயர் இருக்கும், வேலை செய்த நாள் இருக்கும், பெற்ற கூலி இருக்கும், முகம் இராது. அஞ்சலட்டையில் முகம் இருக்கும், பெயர் இராது. ஒரு மனிதனை இரு கூறாக்கி, ஒரு கூற்றைக் கணக்குக்கும் மற்றொரு கூற்றை வேடிக்கைக்கும் கொடுத்துவிட்டார்கள். அவ்விரு கூறுகளையும் மீண்டும் ஒன்றுசேர்ப்பது, இன்று படம் பிடிக்கும் கருவியைக் கையில் உடைய நம் கடமையாகும்.

இக்கடமைக்குக் காலம் குறுகி வருகிறது. 1950களிலும் 1960களிலும் நேர்ந்த துண்டாடலில் பல தோட்டங்கள் சிதறின. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்களிலும் பலவற்றில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. 1957இல் மலாயாவில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் ஐந்நூற்றுச் சொச்சமே உள்ளன. மறைந்த பள்ளிகளுள் எத்தனைக்கு ஒரு படமாவது உண்டு? பெரட்டுக்கு நின்ற களம், பால் எடை போட்ட கொட்டகை, ஆயாக் கொட்டகை, லயத்தின் பொதுக்குழாய், பந்தாடிய திடல் ஆகியவற்றை எவர் படம் பிடித்து வைத்துள்ளார்? நாளை நம் பேரப்பிள்ளையை ஒருவன், "உன் பாட்டன் இங்கே வாழ்ந்தான் என்பதற்கு என்ன அடையாளம்?" என்று கேட்டால், அவன் மணிக்கூண்டின் படத்தையா காட்டுவான்?

படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே நெடுங்காலம் இருந்தது. இம்மூடத்தனத்தால், உயிரோடு இருந்தவரை ஒரு படமும் இன்றி, இறந்த பின் நாற்காலியில் சார்த்தி வைத்து எடுத்த படமொன்றையே பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற பெரியோர் பலர். ஆயுள் குறையும் என்பது பொய். ஆயினும், தம் முகத்தைப் பிறன் எடுத்துச் செல்லுவதை அவர்கள் கூசியதில் ஒரு நியாயம் இருந்தது. ஒருவனுடைய முகம் அவனுக்கு உரியது. அதனைக் கேளாமல் எடுப்பவன், அவன் வீட்டுக்குள் கதவு தட்டாமல் நுழைபவனை ஒப்பான்.

லயத்து வாழ்வைப் படம் பிடித்து ஊரறியக் காட்டுவது நமக்கு இழிவன்றோ என்று நகரத்து அன்பர் சிலர் கேட்பர். ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தவருக்கு அதனால் என்ன இழிவு? இழிவு உண்டெனில், அக்கூரையைச் செப்பனிடாது விட்டவரைச் சேரும். இருப்பினும், இக்கேள்வியை முற்றும் ஒதுக்கிவிட முடியாது. வறுமையைத் தேடிப் பிடித்து, அழும் குழந்தையையும் கிழிந்த துணியையும் மட்டுமே காட்டிப் பாராட்டுப் பெறுவோர் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் செய்கை பழைய அஞ்சலட்டைக்காரர் செய்கையினும் உயர்ந்ததன்று. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும்: எடுத்த படத்தை, அதில் இருப்பவர் கையிலேயே கொடுத்து, அவர் முகத்தை நேராகப் பார்க்க நம்மால் இயலுமா? இயலுமாயின் அப்படம் நேர்மையானது. இயலாதாயின் எவ்வளவு அழகாக இருப்பினும் அது திருட்டே.

இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. ஆயிரக்கணக்கில் படங்கள் எடுக்கிறோம். ஆனால் பெயர் குறிப்பதில்லை, ஆண்டு குறிப்பதில்லை, கருவி பழுதானால் எல்லாம் அதனோடு போகின்றன. படங்களின் தொகை பெருகியதால் மட்டும் நினைவு பெருகிவிடாது. ஆகவே, தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள இளைஞர்கள் இதனை ஒரு பொதுப்பணியாக மேற்கொள்ள வேண்டும். தத்தம் பள்ளி, படிப்பகம், கோயில், கடைத்தெரு, லயம் ஆகியவற்றையும் அங்கே உழைக்கும் மக்களையும், அவர்களின் இசைவு பெற்றுப் படம் பிடியுங்கள். ஒரு பிரதியை அவர்களுக்குக் கொடுங்கள். மற்றொன்றைத் தாளில் அச்சிட்டு, அதன் பின்புறத்தில் இடம், நாள், தோட்டத்தின் பழைய பெயர், இடமிருந்து வலமாக நிற்போரின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிடின், தெரிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே சென்று கேளுங்கள்.

மாளிகைகளைப் படம் பிடிக்க உலகமே வருகிறது. நம் பாட்டி பால் சுமந்து நடந்த செம்மண் பாதையைப் படம் பிடிக்க நம்மைத் தவிர வேறு எவரும் வரப்போவதில்லை.